பென்சிலில் எழுதிய கட்டம்

உங்கள் மேனேஜர் பொய் சொல்கிறார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆள் எடுக்கும் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களை உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுக்கிறார் அல்லவா, அதில்தான் சொல்கிறார். போன வகுப்பில் அவர் பேசியதை உங்களில் ஒருவரே என்னிடம் வந்து சொன்னார். "விண்ணப்பத்தில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் இந்தக் கம்பெனி பொறுக்காது. படிப்பை மறைத்துச் சேர்ந்த ஒரு பெண்ணால் இங்கே ஒரு விபத்தே நடந்தது. அவளை வெளியே அனுப்பினோம்" என்றாராம். நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டீர்களாம்.

அந்தப் பெண்ணின் பெயர் வளர்மதி. அவளுடைய படிப்பை மறைத்து எழுதிய கை என்னுடையது. மறைக்கச் சொன்ன வாய் உங்கள் மேனேஜருடையது. நோட்டில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது இதை ஏன் கிளப்புகிறேன் என்று கேட்பீர்கள். விராலிமலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் லேபில் வேலைக்கு வளர்மதி எழுதிப் போட்டாள். வேதியியல் பட்டம் கேட்டிருந்தார்கள். அவளிடம் இருக்கிறது. பரீட்சை வைத்தார்கள், தேறினாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பது வழக்கம். நம் கம்பெனிக்குப் போன் செய்திருக்கிறார்கள். எடுத்தது உங்களில் ஒருவர். கோப்பைத் திறந்து, இருந்ததை அப்படியே வாசித்திருக்கிறார்: "தகுதி பற்றிப் பொய்த் தகவல் கொடுத்ததால் நீக்கம்." அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தாளில் இருந்ததை வாசித்தார். தாளில் இருப்பதுதான் பொய். இந்த மாதக் கடைசி வரை அந்த இடத்தை அவளுக்காக வைத்திருக்கிறார்கள். அதற்குள் நம் கம்பெனி அந்தத் தாளைத் திருத்தி எழுதிக் கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இறாலை உரித்துக் கழுவி ஐஸில் அடைத்து அனுப்பும் இதே கம்பெனியில், கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸ் அறையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். இப்போது நீங்கள் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அதே மேசை. வேலை கேட்டு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான்.

போலிச் சான்றிதழைப் பிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. ஐஸ் பிளான்டுக்கு ஆபரேட்டர் தேடியபோது ஒருவர் ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்தார். முத்திரை, கையெழுத்து, தாள் எல்லாம் சரியாக இருந்தது. நான் தாளை மூடி வைத்துவிட்டு, "ரெண்டு வருஷம் படிச்சிருக்கீங்க. மத்தியானச் சாப்பாடு எங்கிட்டு?" என்று கேட்டேன்.

"கேன்டீன்லங்க."

"கேட்டுக்குள்ள நுழைஞ்சா கேன்டீன் சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

கொஞ்சம் யோசித்து, "சோத்துக்கைப் பக்கங்க" என்றார்.

அங்கே கேன்டீனே கிடையாது. என் தம்பி மகன் அங்கே படித்தபோது ரெண்டு வருஷமும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனான். அந்த ஆளைத் திருப்பி அனுப்பினேன். வீட்டில் கஷ்டம் என்றார். இருக்கும். ஆனால் ஐஸ் பிளான்டில் ஓடுவது அமோனியா. தெரியாத கை ஒரு வால்வை மாற்றித் திறந்தால் உள்ளே இருக்கிறவர்கள் கதி என்ன? அன்று நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

இல்லாத படிப்பை இருக்கிறது என்று சொல்லி வருகிறவனைப் பிடிப்பது வேலையில் பாதி. மறுபாதியை இந்தக் கம்பெனியில் யாரும் பேசுவதில்லை. இருக்கிற படிப்பை இல்லை என்று சொல்ல வைப்பது.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்தான் எனக்கு வேலை பழக்கினார். விண்ணப்பப் பாரத்தை நாமே கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும், அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் இங்கே முறை. அவர் எல்லாக் கட்டத்தையும் பேனாவில் எழுதுவார். கல்வித் தகுதி என்ற கட்டத்தை மட்டும் பென்சிலில் எழுதுவார். ஏன் என்று கேட்டேன்.

"உரிக்கிறதுக்கும் கழுவுறதுக்கும் டிகிரி ஆளை எடுக்கக் கூடாதுன்னு மேலேர்ந்து வாய்ச்சொல். எழுத்துல தர மாட்டாங்க. டிகிரிக்காரன் நாலு மாசத்துல ஓடிருவானாம். இல்லாட்டி நாலு பேரைச் சேத்துக்கிட்டுக் கேள்வி கேப்பானாம். ஆனா வாரதெல்லாம் டிகிரியால்ல வருது. நல்ல கையா இருந்தா விட முடியுமா? பென்சில்ல எழுதி வையி. மேனேஜர் பாத்துட்டு என்ன சொல்றாரோ, அதைப் பேனாவுல போடு."

அவர் கெட்டவர் இல்லை. வேலை இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு வழி பண்ணிக் கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எத்தனை கட்டத்தை ரப்பரால் அழித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. பி.ஏ. பன்னிரண்டாம் வகுப்பு ஆனது, டிப்ளமோ பத்தாம் வகுப்பு ஆனது. அழித்ததற்கு அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

வளர்மதி முதல் முறை வந்தபோது சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அறந்தாங்கிக்கு மேற்கே ஒரு கிராமம். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரி. அதனால் திருப்பூருக்கோ சென்னைக்கோ போக முடியாது, கம்பெனி வேன் வருகிற தூரத்தில் வேலை வேண்டும். நம் லேபில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. கழுவும் பிரிவில் இருந்தது.

"அதுவும் பாப்பேன் சார்" என்றாள்.

பென்சிலில் எழுதினேன்: பி.எஸ்சி. வேதியியல். அந்த நேரம் மேனேஜர் வந்தார். பாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"டிகிரி நமக்கு ஆவாதுன்னு தெரியும்ல பெரியவரே."

"கழுவுற பிரிவுல ஆளே இல்லைங்க. இந்தப் புள்ள நிக்கும்னு தோணுது."

"அப்ப பத்தாவது பெயில்னு போட்டு எடுத்துக்கங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார். அரை நிமிஷம்கூட நின்றிருக்க மாட்டார்.

நான் ரப்பரை எடுத்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், பெயில்னு போடணுமா? பாஸ்னாவது போடுங்களேன்."

"பாஸ்னா மார்க்‌ஷீட் கேப்பாங்கம்மா. அதுல பள்ளிக்கூடம், அதைப் பிடிச்சு அடுத்த படிப்புன்னு போகும். பெயில்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பேனாவில் எழுதினேன். பாரத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். இங்கிலீஷில் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். நான் தடுத்தேன். "தமிழ்ல போடும்மா. அதும் இம்புட்டு அழகா வேண்டாம். கொஞ்சம் கோணலாப் போடு." வேறு பாரம் எடுக்கவில்லை. முதல் எழுத்தின் மேலேயே தமிழில் திருத்தி எழுத வைத்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுதத் தெரியாதவள் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கவரை மூடிக் கொடுத்து, "இதை வீட்ல வச்சுட்டு வா" என்றேன்.

பிள்ளைகளே, அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கழுவும் பிரிவில் அவளுக்கு ஜோடி காளியம்மா. நாற்பதைத் தாண்டியவள், வாய் ஓயாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். "நான் அஞ்சு. இவ பத்து வரைக்கும் போயி பெயிலாகி வந்துருக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே வெளக்கமாறுதான் குடுத்துருக்கான் கம்பெனிக்காரன். அந்த அஞ்சு வருஷம் நான் ஆடு மேச்சதுதான் மிச்சம்" என்று வேனில் வருகிறவர்கள் எல்லாரையும் சிரிக்க வைப்பாள். காளியம்மா தன் மருந்துச் சீட்டை நீட்டி, "இதுல என்னடி போட்டுருக்கு?" என்று கேட்டால்கூட வளர்மதி, "எனக்கு எங்கக்கா தெரியும், டைம் ஆபீஸ் சார்கிட்ட கேளுங்க" என்பாளாம். ஒன்றரை வருஷம் அப்படியே இருந்தாள். வாய்க்குள் வருவதை முழுங்கி முழுங்கி ஒருவர் எவ்வளவு நாள் வேலை பார்க்க முடியும் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. அவளுக்கு வேலை இருந்தது, எனக்கு ஆள் இருந்தது. அவ்வளவுதான்.

பிறகு அந்த மத்தியானம்.

மூன்று மணி, ஷிப்ட் மாறும் நேரம். கழுவும் அறைத் தரையில் குளோரின் மருந்து ஏற்கெனவே ஊற்றிவிட்டார்கள். அதன்மேல் சோப் ஆயில் ஊற்றித் தேய்க்க வேண்டும். சோப் ஆயில் நீலக் கேனில் வரும். அன்று ஸ்டோரிலிருந்து வந்ததும் நீலக் கேன்தான். ஆனால் உள்ளே இருந்தது குழாயில் படியும் உப்பை எடுக்கிற ஆசிட். சப்ளை செய்கிறவர் ஒரே மாதிரிக் கேனில் அனுப்பியிருந்தார், ஸ்டோரில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். லேபிள் இங்கிலீஷில் மட்டும் இருந்தது. குளோரினோடு சேர்க்கக் கூடாது என்று அதிலேயே போட்டிருந்தது. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். படிக்கத் தெரியாது என்று நான் எழுதிக் கொடுத்த ஒருத்தி.

காளியம்மா மூடியைத் திருகும்போது வளர்மதி சொல்லியிருக்கிறாள்: "அக்கா, அதை ஊத்தாதீங்க."

"ஏன்டி?"

"வேண்டாம்க்கா. வாடை வேற மாதிரி இருக்கு."

சூப்பர்வைசருக்கு அவசரம். அடுத்த ஷிப்ட் வெளியே நிற்கிறது. "பத்தாவது பெயிலு வந்து எனக்கு மருந்து சொல்லித் தருதா? ஊத்துக்கா, நேரமாவுது" என்றாராம்.

காளியம்மா ஊற்றினாள்.

நான் டைம் ஆபீஸில் இருந்தேன். மூக்கில் ஊசி ஏற்றின மாதிரி ஒரு வாடை. பெண்கள் பூட்ஸ் காலோடு இருமிக்கொண்டே ஓடி வந்தார்கள். வாசலில் வந்து அப்படியே தரையில் உட்காரப் போனார்கள். அப்போது ஒரு குரல் கேட்டது. வளர்மதியின் குரல் என்று எனக்கு உடனே தெரியவில்லை. அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை.

"யாரும் குந்தாதீங்க. இந்த வாயு கனம், கீழதான் நிக்கும். காத்து கடல் பக்கமிருந்து வருது, அங்கிட்டுப் போங்க. மேட்டுக்குப் போங்க. கண்ணைக் கசக்காதீங்க, தண்ணி ஊத்துங்க."

ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, லோடு ஏற்றும் ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய் காளியம்மாவை இழுத்து வந்தாள். பிறகு என் ஜன்னலுக்கு வந்து நின்றாள். மூச்சு இரைத்தது.

"சார், ஆம்புலன்ஸ்ல குளோரின் வாயுன்னு சொல்லுங்க. வெறும் மயக்கம்னு சொல்லாதீங்க. மறந்துறாதீங்க."

சொன்னேன். அறந்தாங்கியில் இறக்கியதும் அதைச் சொன்னதால்தான் நேரம் வீணாகாமல் பார்த்தார்கள். அங்கிருந்து புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோன ஏழு பேரில் ஆறு பேர் ரெண்டு மூன்று நாளில் வீடு திரும்பினார்கள். காளியம்மாவுக்கு நுரையீரல் பழுதாகிவிட்டது.

அன்று இந்தக் கம்பெனியைக் காப்பாற்றியவள் வளர்மதி. ஒரு வாரம் கழித்து மேனேஜர் அறையில் விசாரணை வைத்தது அவள்மேல்.

வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக அழைத்திருந்தார்கள். மேனேஜர், சூப்பர்வைசர், அவள், நான். பாரம் இருந்த கோப்பு என் கையில்.

"அது குளோரின்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று வக்கீல் ஆரம்பித்தார்.

"லேபிளைப் படிச்சேன் சார்."

"லேபிள் இங்கிலீஷ்ல இருக்கு. நீ பத்தாவது பெயிலு."

வக்கீல் என் கையிலிருந்த கோப்பைக் காட்டினார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி."

"அப்ப பாரத்துல ஏன் இப்படி எழுதிருக்க?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். "நான்தான் எழுதினேன் சார்." மூன்று வார்த்தை. சொல்லியிருந்தால் முடிந்தது. கோப்பைத் திறந்து தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தால் போதும். நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவன். ரப்பர் கரியைத்தான் அழிக்கும், பள்ளத்தை அழிக்காது. ஆனால் ஓய்வு பெற எனக்குப் பதினொரு மாதம் இருந்தது. பணிக்கொடையில் கை வைத்துவிடுவார்களோ என்று பயம். மேசையைப் பார்த்தேன். மேசைமேல் பேப்பர் வெயிட் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பிக்கொண்டாள். "எனக்கு வேலை வேணும்னு இருந்துச்சு சார்" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்னவோ. அதையும் சொல்லிவிடுகிறேன், மறுத்திருப்பேன்.

அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: உண்மையான தகுதியை மறைத்தார், ஆபத்தை அறிந்தும் தெரிவிக்கவில்லை. ஸ்டோரில் கேன் மாறியது போயிற்று. தமிழில் லேபிள் இல்லாதது போயிற்று. சூப்பர்வைசர் பேசிய பேச்சு போயிற்று. எல்லாவற்றையும் தூக்கி அவள் தலையில் வைத்தார்கள். நீக்க உத்தரவில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இங்கிலீஷில் போட்டாள். கோர்வையான, நல்ல கையெழுத்து. அதைத்தான் முதல் நாள் நான் போட விடவில்லை.

பதினொரு மாதம் கழித்து எனக்குச் சால்வை போட்டு அனுப்பினார்கள். நேர்மையான மனிதர் என்று மேனேஜர் மைக்கில் சொன்னார். கைதட்டல் வேறு.

உங்களில் ஒருவர் அந்தப் போன் விஷயத்தைச் சொன்ன அன்று, நான் முதலில் காளியம்மா வீட்டுக்குத்தான் போனேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு அதே பேச்சுதான், நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குகிறது.

"வாங்க டைம் ஆபீஸ் சார். இப்பல்லாம் வாசக் கூட்டுனாக்கூட ரெண்டு தடவை உக்காந்துட்டுத்தான் கூட்டுறேன். என் மருமக நிம்மதியா இருக்கா, வாயி கொறைஞ்சு போச்சுன்னு."

வளர்மதிமேல் கோபம் உண்டா என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள சொன்னுச்சு சார், ஊத்தாதீங்கன்னு. ஏன்னு கேட்டேன். ஏன்னு சொல்லலை. படிச்சவன்னு தெரிஞ்சிருந்தா நான் அவ பேச்சைக் கேட்டுருப்பேன். சூப்பர்வைசர் கெடக்குறான். ஒண்ணரை வருஷமாப் பக்கத்துல நின்னவ, எனக்கே தெரியல. அவளை ஊமையாக்குனது யாரு சார்?"

நான்தான் என்று சொன்னேன். அங்கே சொல்ல முடிந்தது.

அங்கிருந்து அறந்தாங்கி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வளர்மதி வேலை பார்க்கிறாள். கூட்டம் நின்றது. யாரோ ஒரு பையனுடைய மார்க்‌ஷீட்டைக் கண்ணாடிமேல் வைத்து மூடிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இப்ப என்னத்துக்கு சார் வாரீங்க?"

"அன்னிக்கு நான் சொல்லாம இருந்தது தப்பும்மா. உன்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு..."

"என்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே." அடுத்த தாளை வைத்தாள். "தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. விராலிமலையில சொல்லுங்க. முடியலைன்னா இங்கிட்டு வராதீங்க சார்."

மறுநாள் விராலிமலைக்குப் போனேன். அங்கே ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தது உங்கள் வயதுப் பெண். முழுவதும் கேட்டார். "நீங்க சொல்றதை நான் நம்புறேங்கய்யா. ஆனா உங்க பழைய கம்பெனி லெட்டர்பேடுல வரணும். மாசக் கடைசி வரைக்கும் நான் நிறுத்தி வைக்கிறேன்" என்றார். அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்கிறார். வாய்ச்சொல்லை நம்பி எழுதக் கூடாது. அதை நான் எழுபது கிலோமீட்டருக்கும் மேல் பஸ்ஸில் போய்க் கற்றுக்கொண்டேன்.

நேரே உங்கள் மேனேஜரிடம் வந்தேன்.

"வாங்க பெரியவரே. இந்த வெயில்ல எதுக்கு அலையிறீங்க? டீ சொல்லவா?"

வேண்டாம் என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஃபைலைத் தொட்டா காளியம்மா விவகாரமும் சேர்ந்து கெளம்பும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"கெளம்பட்டுங்க."

"கெளம்பினா யாரு மாட்டுவா? பாரத்துல இருக்கிறது உங்க கையெழுத்து பெரியவரே. என் கையெழுத்து எங்கயாச்சும் இருக்கா?"

இல்லை. எங்கும் இல்லை. இத்தனை வருஷம் அந்தக் கட்டத்தை ஏன் பென்சிலில் எழுத வைத்தார்கள் என்று எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

உங்களுக்குச் சொல்கிறேன். உங்களிடமும் யாராவது சீக்கிரம் வந்து சொல்வார்கள். பென்சிலாக இருக்காது, கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடு என்பார்கள். பாவம், வேலை இல்லாத பிள்ளை, நாம் உதவி செய்கிறோம் என்பார்கள். செய்யாதீர்கள். எதிரே நிற்பவர் எம்.ஏ. என்றால் எம்.ஏ. என்று எழுதுங்கள். டிகிரி ஆளை எடுக்க மாட்டோம் என்றால் அதைக் கேட்டில் போர்டு எழுதி மாட்டச் சொல்லுங்கள். மாட்ட மாட்டார்கள். வெட்கமாக இருக்கும் அவர்களுக்கு. அப்படியானால் அந்த விதியும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்ல முடியாத இடத்தில், முகத்தைப் பார்த்து, "வேலை இல்லைம்மா" என்று சொல்லி அனுப்புங்கள். அது கொடுமைதான். ஆனால் வேலையைக் கொடுத்து வாயைப் பிடுங்கிக்கொள்வது அதைவிடக் கொடுமை. வேலை கேட்டு வருகிறவர்களே படிப்பை மறைக்கட்டுமா என்று கேட்டால், காளியம்மா வீட்டுக்கு வழி சொல்லுங்கள்.

என் பங்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒரு நகலை விராலிமலைக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னொன்றை வளர்மதியே ஜெராக்ஸ் எடுத்தாள். பணிக்கொடையைத் திருப்பிக் கேட்டால் கேட்கட்டும். இனி பாக்கி இருப்பது ஒரு ஆள்தான்.

மேனேஜர் அவர்களே, வருகிற சனிக்கிழமை உங்கள் வகுப்பு. மாதக் கடைசிக்கு முன்னால் வருகிறது. நான் முன்வரிசையில் வந்து உட்காருவேன். காளியம்மாவையும் ஆட்டோ வைத்துக் கூட்டி வருகிறேன். இந்தப் பிள்ளைகள் முன்னால் வளர்மதியின் பாரத்தைக் கோப்பிலிருந்து எடுங்கள். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடியுங்கள். முடியாவிட்டால் தாளைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். 'பத்தாம் வகுப்பு தோல்வி' என்பதற்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று சத்தமாக வாசியுங்கள். எழுதியது யார் என்று கேட்டால் நான் எழுந்து நிற்கிறேன்.

அழிக்கச் சொன்னது யார்? நீங்கள் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.